போர்ட்டருக்கு ஒரு கூடாரம்

குடியிருப்புக் கமிட்டித் தலைவர் சோவெத்பெக் முற்றத்து ஊஞ்சலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இனிமே இந்த முற்றத்துல எந்தச் சரக்கு வண்டியும் என் கண்ணுல படக் கூடாது" என்று அறிவித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். ஷெர்காஸியும் தட்டினான். கூட்டத்தோடு கூட்டமாகப் போகிற சுபாவம் அவனுக்கு. தட்டி முடித்த பிறகுதான் தன்னுடைய போர்ட்டரும் சரக்கு வண்டிதானே என்று உறைத்தது.

போர்ட்டர் என்பது சின்ன லாரி. பிஷ்கெக் நகரத்தில் பாதிப் பேர் அதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். ஷெர்காஸியின் போர்ட்டர் ஏற்றுவது ஒரே சரக்கு: ஒரு கம்பளிக் கூடாரம். அவனும் மனைவி பூர்மாகானும் அதை வாடகைக்கு விட்டார்கள். கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் கேட்பார்கள் என்றாலும், அடுப்பு எரிந்தது சாவு வீடுகளால்தான். கிர்கீஸ்காரன் ஐந்தாவது மாடியில் வாழ்ந்தாலும், செத்தால் கூடாரத்திலிருந்துதான் போவான். விடிகிற நேரத்தில் போன் வரும். எவனுடைய கூடாரம் முதலில் போய்ச் சேருகிறதோ அவனுக்குத்தான் வேலை. வண்டியைச் சந்தைப் பக்கம் நிறுத்திப் பார்த்தான். பேட்டரியை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து வண்டி வீட்டு வாசலில்தான். அங்கே நிறுத்த முடியாவிட்டால் பிழைப்பே போச்சு.

ஆனால் அந்த வாசலுக்கு நேர் மேலே இருந்தது சோவெத்பெக்கின் முதல் மாடி ஜன்னல். மனிதர் அந்தக் காலத்தில் ஏதோ ஒரு இலாகாவில் நாற்காலியைத் தேய்த்தவர். ஓய்வுபெற்ற பிறகு அதிகாரம் செய்ய ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார். கமிட்டி அவர் கையில் சிக்கியது.

கைதட்டல் அடங்கியதும் ரொட்டி வண்டிக்காரன் மக்சாத் எழுந்தான். சோவெத்பெக்கின் மருமகன். "மாமா, என் வண்டியும் போகணுமா?"

"ரொட்டி புனிதமானதுடா. அதை ஏத்துற வண்டியைச் சரக்கு வண்டின்னு சொன்னா நாக்கு அழுகிடும்" என்றார் சோவெத்பெக்.

தண்ணீர் கேன் வண்டிக்காரன் எழுந்தான். தண்ணீர் உயிர் என்று முடிவானது. நான்காவது மாடிப் பெண்மணியின் மினிபஸ், மனிதர்களைச் சரக்கு என்று சொல்வது அவமானம் என்பதால் தப்பியது. குதிரைப்பால் விற்கிறவனுடைய வேன் மருந்து வண்டி என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. சோவெத்பெக்கும் அதில்தான் வாங்கிக் குடிக்கிறார். இப்படி ஒவ்வொன்றாகக் கழிந்து கழிந்து, கடைசியில் சட்டத்துக்கு அகப்பட்டது ஷெர்காஸியின் போர்ட்டர் மட்டும்தான். ஒரு சட்டத்துக்கு ஒருவனாவது வேண்டும் அல்லவா?

"அகாய், கிளட்ச்சைக் கழட்டி மெக்கானிக்கிட்ட கொடுத்திருக்கேன். வண்டி ஒரு அடி நகராது" என்று அகாய் போட்டு மரியாதையாகச் சொன்னான் ஷெர்காஸி.

"நகராட்டி என்ன? இழுவை வண்டிக்குச் சொல்லியாச்சு. வெள்ளிக்கிழமை வந்து தானா நகர்த்திடுவான்!" என்று சோவெத்பெக் கத்தினார். கத்தின கத்தலில் முகம் சிவந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சலிலேயே உட்கார்ந்துவிட்டார். ரத்த அழுத்தம். ஆம்புலன்ஸ் வந்தது. அவரும் அவர் மனைவியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை.

இனி யாரிடம் போய்க் கெஞ்சுவது? காலையில் ஷெர்காஸி போர்ட்டரின் படியில் உட்கார்ந்து, ஆறிப்போன தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தான். வண்டியோடு கூடாரமும் போகும். அபராதம் கட்டி மீட்கிற வரைக்கும் ஊரில் செத்தவர்களெல்லாம் அடுத்தவன் கூடாரத்துக்குப் போவார்கள்.

பூர்மாகான் இடுப்பில் கை வைத்து நின்றாள். "அவர் என்ன சொன்னார்? கண்ணுல படக் கூடாதுன்னுதானே?"

"ஆமா."

"அப்ப மூடிடு. நம்மகிட்ட இல்லாத துணியா?"

"எதைச் சொல்ற?"

"கூடாரத்தைத்தான் சொல்றேன், மண்டு. போர்ட்டரைச் சுத்திப் போடு. இழுவைக்காரன் வருவான், வண்டியைத் தேடுவான், காணோம்னு போயிடுவான். மத்தியானத்துக்குள்ள பிரிச்சிடலாம். எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க, யாரு பாக்கப் போறா?"

இருவரும் தொழில்காரர்கள். மரக்கூட்டை விரித்து, விட்டங்களைச் செருகி, கம்பளியை இழுத்துக் கட்ட அதிக நேரம் பிடிக்கவில்லை. போர்ட்டர் உள்ளே அடக்கமாக நின்றது. எத்தனையோ முற்றங்களில் கூடாரம் போட்டவன், ஒரு முற்றத்தில் கூடாரம் எழுந்தால் பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும் என்பதை மட்டும் மறந்துபோனான். தினமும் செய்கிற வேலை புத்தியை மழுக்கிவிடும். அப்படித்தான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இழுவை வண்டி வந்தது. இறங்கியவன் ஆஜானுபாகுவான ஆள். மலைப்பக்கத்துக்காரன், முறையோடு வளர்க்கப்பட்டவன். கூடாரத்தைப் பார்த்தான். தொப்பியைச் சரிசெய்தான். அப்புறம் துக்க வீட்டு முறைப்படி இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "ஐயோ என் அண்ணனே! சாய்ஞ்சு நின்ன மலையே! எங்களை விட்டுட்டுப் போயிட்டியே!" என்று முற்றம் அதிர ஓலமிட்டபடி நேராக ஷெர்காஸியை நோக்கி ஓடி வந்து தோளில் விழுந்தான்.

ஓலமிட்டு வருகிறவனுக்குப் பதில் ஓலம் கொடுக்காமல் நிற்கிறவன் மனிதனே இல்லை. ஷெர்காஸியின் வாய் அவனைக் கேட்காமலே திறந்துகொண்டது. "ஐயோ, என் மலையே!" என்று அவனும் அலறினான்.

ஜன்னல்கள் திறந்தன. வேலைக்குப் போகிறவர்கள்தான் போயிருந்தார்கள். ஓய்வூதியக்காரர்கள் மொத்தப் பேரும் வீட்டில் இருந்தார்கள். மூன்றாவது மாடி தோலோகோன் கிழவர், கோட்டின்மேல் துக்கத்துக்குக் கட்டுகிற பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு ஓலமிட்டுக்கொண்டே படியிறங்கி வந்தார். பின்னாலேயே மற்றவர்கள். இறந்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. அழுது முடித்துவிட்டு, பக்கத்தில் நிற்பவனிடம் மெதுவாக விசாரிப்பதுதான் மரியாதை. பக்கத்தில் நின்றவனுக்கும் தெரியவில்லை. ஆனால் கூடாரம் நிற்பது சோவெத்பெக்கின் ஜன்னலடியில். நேற்று ஆம்புலன்ஸில் போனவர். வேறென்ன வேண்டும்? போன் போட்டுக் கேட்கலாம்தான். செத்தவன் வீட்டுக்குப் போன் போட்டு, செத்துவிட்டாரா என்று எவன் கேட்பான்?

"பெரியவரே, யாரும் சாகலை" என்று ஷெர்காஸி தோலோகோனின் காதில் சொன்னான்.

கிழவர் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார். "அப்படித்தான் இருக்கும்டா தம்பி. என் தம்பி போனப்ப எனக்கும் நம்ப முடியல. எவ்வளவு நல்லவன்டா நீ! நேத்து உன்னை அந்தப் பேச்சுப் பேசினாரு. இன்னைக்கு உன் கூடாரத்தையே போட்டு நிக்கிற!"

இதைக் கேட்டு நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஷெர்காஸிக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதுதான் இன்னும் வெட்கம்.

அடுத்து பெண்கள் வந்தார்கள். பெண்கள் கூடாரத்துக்குள் உட்கார்ந்துதான் ஒப்பாரி வைக்க வேண்டும். உள்ளே போனால் போர்ட்டர்! பூர்மாகான் பாய்ந்து வாசலை மறித்தாள். "இன்னும் உள்ள சரி பண்ணலை, அக்கா. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, கம்பளித் திரைக்குள் புகுந்து, பம்பரின்மேல் உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். குரல் அவளுக்குப் பிறவிச் சொத்து. கூடாரத்தோடு சேர்த்து அதையும் எத்தனையோ வீடுகளுக்கு வாடகைக்குக் கொடுத்தவள். நமட்டுத்தனமும் பிறவிச் சொத்துதான்.

"முற்றத்தை மடியா விரிச்சவரே, சோவெத்பெக்!
முன்னே வந்த வண்டிக்கெல்லாம் இடம் கொடுத்தவரே!
ஏழையோட சக்கரத்தை ஏசாத வாயே!
எங்க போர்ட்டருக்கு நிழல் தந்த மரமே!"

வெளியே ஆண்கள் விம்மினார்கள். அவர் இப்படியெல்லாம் இருந்ததாக ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. சாவு வீட்டில் ஞாபகத்தை யார் நம்புகிறார்கள்? மக்சாத் ரொட்டி வண்டியைப் பாதி வழியில் திருப்பிக்கொண்டு ஓடி வந்தான். மாமியார் போனை எடுக்கவில்லையாம். அதையே உறுதி என்று எடுத்துக்கொண்டான். பால்காரன் ஓர் ஆட்டைக் கொண்டுவந்து இறக்கினான். இழுவைக்காரன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அதை அறுக்கப் போனான். கொப்பரை அடுப்பில் ஏறியது. ஷெர்காஸிக்கு ஓலமிட்டு ஓலமிட்டுத் தொண்டை கட்டிப்போனது.

அப்போதுதான் வாடகைக் காரில் சோவெத்பெக் வந்து இறங்கினார்.

தன் ஜன்னலடியில் கூடாரம். கொப்பரை. கும்பல். மேல் மாடியில் யாரோ போய்விட்டார், தோலோகோனாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். நேற்றுத்தானே ஊஞ்சலில் தண்ணீர் கொடுத்தான் மனுஷன்! மாத்திரைப் பையை மனைவியிடம் தள்ளிவிட்டு, "ஐயோ என் கூடப்பிறந்தவனே!" என்று அலறிக்கொண்டு ஓடினார். ஓடி வந்து எதிரே இருந்த தோளில் விழுந்தார். அது தோலோகோனின் தோள்.

இரண்டு பேரும் நிமிர்ந்து ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இழுவைக்காரன் கையில் கத்தியோடு அப்படியே நின்றான். உள்ளே இருந்த பூர்மாகானுக்கு மட்டும் எதுவும் தெரியாது.

"நீ போன பிறகு, சோவெத்பெக், யார் எங்களைத் தாங்குவார்?
நீதி சொல்ல, நெஞ்சு பெரிய வேறொருவர் யார்?"

சோவெத்பெக் அசையாமல் நின்று கேட்டார். முதலில் வாய் கோணியது. பிறகு தாடை நடுங்கியது. பிறகு கண்ணிலிருந்து நீர் வழிந்து மீசையில் தங்கியது. வாழ்நாள் முழுக்க உத்தரவு போட்டவரிடம் யாரும் இதில் ஒரு வரியைக்கூடச் சொன்னதில்லை. ஷெர்காஸிக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மெல்லத் திரையை விலக்கினார். போர்ட்டரும், அதன் பம்பரில் முக்காடிட்ட பூர்மாகானும் தெரிந்தார்கள். அவள் வாய் பிளந்தபடி நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்ட? அந்த மரம்னு வருமே, அதை இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார் சோவெத்பெக்.

அதன் பிறகு யாருக்கும் கோபித்துக்கொள்ள வழியில்லை. அழுதது அழுதாகிவிட்டது, ஆடு கொப்பரையில் கிடந்தது. தோலோகோன் அவருடைய நீண்ட ஆயுளுக்கு வேண்டிக் கையை முகத்தில் தடவினார். எல்லோரும் தடவினார்கள். இறந்தவரே பந்தியின் முதலிடத்தில் உட்கார்ந்து, ஆட்டுத் தலையைத் தானே அறுத்துப் பங்கிட்டார். பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு நடக்கட்டும் என்று இளையவனுக்குக் கொடுக்கிற காதை ஷெர்காஸிக்குக் கொடுத்தார்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வந்தது. போர்ட்டர் சரக்கு வண்டி அல்ல, நம் பாரம்பரியத்தைச் சுமக்கும் வண்டி. இந்த முற்றத்துக்குச் சொந்தமானது. சோவெத்பெக்கின் ஜன்னலடியில் அதற்கு நிரந்தர இடம். வெள்ளைச் சாயத்தில் கோடு போட்டுக் கொடுப்பார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். ஷெர்காஸி எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான். தீர்மானத்தில் இன்னொரு வரியும் இருந்தது. கைதட்டல் சத்தத்தில் அவன் காதில் அது விழவில்லை.

கிளட்ச் வந்து சேர்ந்த மறுநாள் காலையில் கான்ட் ஊரிலிருந்து போன். பெரிய குடும்பம், பெரிய சாவு. ஷெர்காஸி போர்ட்டரைக் கிளப்பி முற்றத்து வாசலுக்கு வந்தான். புதிதாக நட்ட தடுப்புக் கம்பம் உயரவில்லை. ஹார்ன் அடித்தான். முதல் மாடி ஜன்னல் திறந்தது. ரிமோட் சோவெத்பெக்கின் கையில் இருந்தது.

"எங்கடா போற?"

"கான்ட்டுக்கு, அகாய். சாவு."

"இங்க எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு. நீ அங்க இருக்கிற நேரம் பாத்து ஏதாச்சும் ஆச்சுன்னா? ஊர்பேர் தெரியாத எவன் கூடாரத்துலயாவது என்னைக் கிடத்துவாங்களா? தீர்மானத்தைக் கேக்கலையா நீ? போர்ட்டர் முற்றத்தை விட்டு வெளியே போகக் கூடாது."

"அகாய், அப்ப நான் எதைத் தின்கிறது?"

"என் ஆயுசுக்கு வேண்டிக்கோ. எல்லாம் நடக்கும்."

மூன்றாவது மாடியில் தோலோகோனின் ஜன்னலும் திறந்தது. "எனக்கும் முழங்கால் வலி, தம்பி. இருடா, போகாதே" என்றார் கிழவர். நான்காவது மாடிப் பெண்மணி தனக்கும் மூச்சு வாங்குவதாகச் சொன்னாள். ரொட்டி வண்டி வந்தது. கம்பம் உயர்ந்தது, வண்டி போனது, கம்பம் இறங்கியது.

போன் மறுபடி அடித்தது. கான்ட்காரர்கள் வேறு கூடாரம் பிடித்துவிட்டார்களாம். பூர்மாகான் பக்கத்து இருக்கையில் முக்காட்டை அவிழ்த்து மடித்து வைத்தாள்.

மேலே சோவெத்பெக் ஜன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றி, ஆப்ரிகாட் ஜாமை ரொட்டியில் தடவித் தின்றுகொண்டிருந்தார். கன்னத்தில் நல்ல ரத்த ஓட்டம். இன்னும் இருபது வருஷத்துக்குக் குறையாது. ஷெர்காஸி வண்டியைப் பின்னால் எடுத்து, வெள்ளைக் கோட்டுக்குள் ஒழுங்காக நிறுத்தினான். அன்றைக்கு அந்த மனிதருக்காகத் தொண்டை கிழியப் பொய்யாக ஓலமிட்டான். இன்றைக்கு யாராவது வந்து நிஜமான சேதி சொன்னால், மனதார ஓலமிடுவான் என்று அவனுக்குத் தோன்றியது.