அடக்கிக்கொண்ட இருமல்

மருத்துவமனையின் தொலைபேசிப் பிரிவை இனி வீட்டிலிருந்தே நடத்துவது என்று முடிவானபோது, அங்கே வேலை பார்த்த பெண்கள் எல்லோரும் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அந்த நீளமான அறையில் மிஞ்சியவள் சார்ஜர் அக்கா ஒருத்திதான்.

வீட்டுக்குப் போனவர்களுக்கு வேண்டியதை அனுப்பிவைப்பது அவள் வேலை. மடிக்கணினி, ஹெட்செட், மின்சாரம் போனால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்க ஒரு யுபிஎஸ். பிறகு இங்கே உட்கார்ந்தபடியே அந்தக் கணினிகளுக்குள் நுழைந்து மென்பொருள் ஏற்றித் தரவேண்டும். பாஸ்வேர்டு மறந்தவர்களைத் திட்டாமல் இருக்கவேண்டும். முதல் வாரமே பாதிப் பேர் சார்ஜரைக் காணோம் என்று கூப்பிட்டதில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

காலி அலுவலகத்தில் சில சமயம் ஏதோ ஒரு மேசையில் தொலைபேசி அடிப்பதுபோல் இருக்கும். எல்லா இணைப்பையும் பிடுங்கியவள் அவளே என்பதால் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். எந்தச் சத்தத்துக்குப் பின்னாலும் ஒரு வயர் இருக்கும் என்பது அவள் கட்சி.

ஒருநாள் காலை மேலாளர் வீடியோவில் வந்தார். கேமராவை எப்படி வைத்தாலும் அவர் முகத்தில் நெற்றி மட்டும்தான் தெரியும். அதனால் பெண்களிடையே அவருக்குப் பெயரே நெற்றிதான்.

"தேனோட லைன்ல யாரோ இருமுறாங்களாம்" என்றது நெற்றி. "புகார் வந்துக்கிட்டே இருக்கு. ஒரு பெரியம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? முதல்ல உங்க வீட்ல இருமுறவரை டாக்டர்கிட்ட காட்டும்மா, நான் அப்புறம் வந்துக்கறேன்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேன் என்பது அந்தப் பெண்களில் ஒருத்திக்கு அவள் குரலுக்காக வைத்த பெயர். வலியில் கத்திக்கொண்டு வருபவர்கள்கூட அந்தக் குரலைக் கேட்டதும் தணிந்து, எந்த டாக்டர், எத்தனை மணி என்று நிதானமாகக் கேட்பார்கள். புகார் என்று ஒன்று இதுவரை அவள்மேல் வந்ததில்லை.

அழைப்புகளின் பதிவுகளை எடுத்துக் கேட்டாள். தேன் பேசும்போது இல்லை. எதிரில் இருப்பவர் பேச, அவள் காது கொடுத்துக் கேட்கிற இடைவெளியில் அது வந்தது. சின்னதாக இரண்டு இருமல். அப்புறம் நெஞ்சிலிருந்து கிளம்பி முடியவே முடியாததுபோல் ஒன்று. ஆணின் இருமல். வாயைத் துணியால் பொத்திக்கொண்டு இருமுவதுபோல் இருந்தது.

தேனைக் கூப்பிட்டாள். "வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையாம்மா?"

"இல்லக்கா. நானும் அத்தையும்தான் இருக்கோம். அவங்க பக்கத்து ரூம்ல இருப்பாங்க."

"இருமல் கேக்குதே?"

"நான் இருக்கறப்ப ஒண்ணும் கேக்கலக்கா" என்றாள்.

அக்கா வேறு ஹெட்செட் அனுப்பினாள். இருமல் நிற்கவில்லை. கணினியையே மாற்றினாள். திரும்பி வந்த பழைய கணினியை அலுவலகத்தில் வைத்துப் பேசிப் பார்த்தால், கண்ணாடிபோல் சுத்தமாக இருந்தது. அன்று வீட்டில் சாப்பிடும்போது கணவர் தொண்டையைக் கனைத்தார். அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"என்ன ஆச்சு?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல. கனைக்கறதுன்னா சொல்லிட்டுக் கனைங்க."

இதற்குள் நெற்றி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பேசுகிறவரின் குரலை மட்டும் விட்டுவிட்டு மற்றச் சத்தத்தையெல்லாம் வடிகட்டிவிடும் மென்பொருள் ஒன்றை எல்லோருக்கும் ஏற்றச் சொன்னார். "தேனுக்கு முதல்ல போடுங்க. அதுலயும் சரியாகலன்னா அவங்களை லைன்லேர்ந்து எடுத்துட வேண்டியதுதான்."

தொலைவிலிருந்தே போட்டிருக்கலாம். ஆனால் அக்காவுக்கு மனம் கேட்கவில்லை. அந்த வயரைக் கண்ணால் பார்த்துவிடுவது என்று கிளம்பினாள்.

மூன்றாவது மாடியில் சின்ன வீடு. தேனுக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். கூடத்தைத் தாண்டி ஓர் அறைக்கு அழைத்துப்போனாள். ஜன்னலோரம் மேசையும் கணினியும் இருந்தன. ஜன்னல் விளிம்பில் மருந்து பாட்டில்கள் நின்ற வட்ட வட்டமான அடையாளங்கள். மேசைக்குப் பின்னால் சுவரில், கட்டிலில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்தால் தலை படுகிற உயரத்தில் எண்ணெய்க் கறை. அக்கா பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள், மின்விசிறியை நிறுத்திப் பார்த்தாள், ரவுட்டரைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தாள். ஒரு குறையும் தட்டுப்படவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று பழைய பதிவு ஒன்றை ஓடவிட்டாள். ஹெட்செட் செருகியிருக்கவில்லை. இருமல் அறை முழுக்கக் கேட்டது.

பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல் வந்தது. "வெந்நீர் வெச்சுத் தரட்டுமாடா?"

அக்கா அவசரமாகப் பதிவை நிறுத்தினாள். காலைத் தேய்த்து நடக்கும் ஓசை. தேனின் மாமியார் வாசலில் வந்து நின்றார். இரண்டு பெண்களையும் பார்த்தார், கணினியைப் பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"யாரும்மா அது?" என்றாள் அக்கா.

"அவர்தான்" என்றாள் தேன். "போன வருஷம் போயிட்டார். நெஞ்சுல கோளாறு. கட்டில் இங்கதான் கிடந்துச்சு."

அக்காவின் முழங்கையிலிருந்து மேலே சில்லிட்டு ஏறியது.

"அப்ப நான் ஆபீஸ் வந்துக்கிட்டிருந்தேன். ஊருக்கெல்லாம் டாக்டர் நேரம் வாங்கிக் குடுத்துக்கிட்டு. நான் வீட்டுக்குள்ள வந்துட்டா இருமவே மாட்டார்க்கா. அடக்கிக்குவார். இப்ப தேவலன்னு சொல்லுவார். நானும் நம்பிட்டேன். பகல் முழுக்கக் கேட்டவங்க அத்தைதான்."

"நான் சொல்லக் கூடாதுன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டான்" என்றார் மாமியார், தரையைப் பார்த்தபடி.

"இப்பவும் அப்படித்தான் போலருக்கு" என்றாள் தேன். "நேர்ல எனக்குக் கேக்கறதில்ல. வேலை முடிஞ்சதும் என்னோட பதிவுகளைப் போட்டுக் கேப்பேன். அதுலதான் கேக்குது. அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொல்லலக்கா."

அக்கா கையிலிருந்த ஹெட்செட்டின் வயரைச் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். மென்பொருளைப் பற்றிச் சொல்லித்தான் ஆகவேண்டும், சொன்னாள். "போடலன்னா உன்னை லைன்லேர்ந்து எடுத்துடுவாங்க. போட்டா கூப்பிடறவங்களுக்குக் கேக்காது. பதிவுலயும் விழாது."

"எனக்கும் கேக்காது இல்ல?"

அந்தக் கேள்விக்குப் பிறகு அக்கா அதிக நேரம் யோசிக்கவில்லை. வடிகட்டுவதற்கு முன்னால் உள்ள சத்தத்தை அப்படியே தனியாகச் சேமித்துவைக்க அந்த மென்பொருளில் ஒரு வசதி இருந்தது. எல்லாக் கணினியிலும் அதை அணைத்துவைக்கச் சொல்லித்தான் உத்தரவு. இந்த ஒன்றில் மட்டும் திறந்துவிட்டாள்.

"இது நமக்குள்ளயே இருக்கட்டும்" என்றாள். மாமியார் தலையசைத்தார்.

புகார்கள் நின்றன. நெற்றி தன் யோசனையைப் பற்றி இரண்டு கூட்டங்களில் பேசிக்கொண்டார். அக்கா அந்தப் பதிவுகளின் பக்கமே போகவில்லை. காலி அலுவலகத்தில் இப்போது தொலைபேசி அடிப்பதுபோல் இருந்தால், ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

தேன் அவ்வப்போது அவளே கூப்பிடுவாள். வேலை முடிந்ததும் மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு காதாக ஹெட்செட்டைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்களாம். "நேத்து ரொம்பக் கஷ்டப்பட்டார்க்கா" என்பாள். இன்னொரு தடவை, "குறைஞ்ச மாதிரி இருக்கு" என்பாள். ஏதோ வார்டில் படுத்திருப்பவரை விசாரிப்பதுபோல் அக்காவும், "அப்படியா, பரவால்லையே" என்று பழகிவிட்டாள். சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று உணரும்போது பிடரி குறுகுறுக்கும்.

பிறகு ஒரு மதியம், "இன்னைக்கு வேற மாதிரி இருக்குக்கா. கொஞ்சம் வரமுடியுமா?" என்றாள்.

மூவரும் அந்த அறையில் உட்கார்ந்து, அன்று காலைப் பதிவைக் கேட்டார்கள். தேன் யாருக்கோ குழந்தை மருத்துவரின் நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரில் அந்தத் தாய் தேதியை எழுதிக்கொள்ளும் இடைவெளி. இருமல் இல்லை. அக்கா ஒலியைக் கூட்டினாள். மூச்சு கேட்டது. இழுக்காமல், திணறாமல், ஒரே சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அறையில் மூவரைத் தவிர இன்னொருவர் இருப்பதை அந்த நிமிடம் அக்கா தன் தோலில் உணர்ந்தாள். எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தாள். மாமியாரின் முகத்தைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

"தூங்குறான்" என்றார் அவர், வாயசைவு மட்டும் தெரிகிற அளவுக்கு. "எத்தனை மாசம் ஆச்சு இப்படித் தூங்கி." எழுந்து போய், வெயில் உள்ளே விழாதபடி ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

தேன் அழவில்லை. கறை படிந்த சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அக்காவின் காதருகே குனிந்து, "மேசையைக் கூடத்துக்கு மாத்திடலாமாக்கா? நான் பேசிக்கிட்டே இருந்தா முழிப்பு வந்துடும்" என்றாள்.

"வயர் எட்டாதே."

"நீளமா ஒண்ணு இருக்குமா?"

அக்காவின் பையில் இருந்தது. மேசையை இழுக்காமல் இருவரும் தூக்கிக்கொண்டு போனார்கள். அறைக்குள்ளிருந்து கூடம்வரை சுவரோரமாக வயரை இழுத்துவந்தாள் அக்கா. வழக்கமாகக் கிளிப் வைத்துச் சுத்தியலால் அடிப்பாள். அன்று சுத்தியலை வெளியே எடுக்கவில்லை. பல்லால் டேப்பைக் கிழித்துக் கிழித்து, முழங்காலில் தவழ்ந்தபடி ஒட்டிக்கொண்டே போனாள். மாமியார் பின்னாலேயே வந்து, ஒட்டிய இடத்தையெல்லாம் கட்டைவிரலால் அழுத்திவிட்டார்.