பதாகைக்குப் பின்னால் ஒரு வெடிப்பு

சுவரில் வெடிப்பு இருப்பது ருவன்கந்த தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் எல்லோருக்கும் தெரியும். தெரிய வேண்டிய ஒருவருக்கு மட்டும் தெரியாது. அவர் பெயர் றிஸாத், மண்சரிவு ஆய்வு அதிகாரி. அவர் தொழிலாளர்களின் வரிசை வீடான ஒரு லயத்தைப் பார்த்து ‘ஆபத்து’ என்று எழுதினால், அதிலிருப்பவர்களுக்குப் புதுவீட்டு வரிசையில் முன்னிடம். ‘பரவாயில்லை’ என்று எழுதினால், அடுத்த மழைக்கு முருகன்தான் பொறுப்பு.

போன வருஷமும் அவர் வந்தார். அந்தச் சுவருக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருக்கும் ஜீவராணி அன்று கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தாள். லயத்தில் இருந்தவர் அவளுடைய மாமனார் செல்லையா, தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். ஆள் வருகிறது என்றால் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது வெள்ளைக்காரத் துரை காலத்துப் பழக்கம். துரை போய்விட்டார், சுண்ணாம்பு போகவில்லை. செல்லையா வெடிப்புக்குள் கல்லையும் சிமெந்தையும் திணித்து, மேலே நன்றாகப் பூசி, அதிகாரிக்கு இளநீரும் வெட்டிக் கொடுத்தார். றிஸாத் வெள்ளைச் சுவரைப் பார்த்தார். இளநீரைக் குடித்தார். ‘பரவாயில்லை’ என்று எழுதிவிட்டுப் போனார்.

அடுத்த மழையிலேயே சிமெந்து உதிர்ந்தது. இப்போது வெடிப்பில் கை போகும். மேகம் கறுத்தாலே ஜீவராணிக்கு இருப்புக் கொள்ளாது. மகளை எதிர்ச் சுவரோரம் தள்ளிப் படுக்கப் போடுவாள். பிறகு எழுந்து வெடிப்பைத் தடவிப் பார்ப்பாள். மறுபடி வந்து படுப்பாள். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் புருஷன் போன் எடுத்தால் முதலில் சுவரைத்தான் நலம் விசாரிப்பான்: “இன்னும் நிக்குதா?”

இந்த நிலையில்தான் மாநாடு வந்து சேர்ந்தது.

‘எல்லோருக்கும் கட்டுப்படியான வீடு’ என்பது அதன் பெயர். அரச திணைக்களங்கள், வங்கி, தொண்டு நிறுவனங்கள், ஒரு பல்கலைக்கழகப் பீடம் எல்லாம் சேர்ந்து கூட்டு அனுசரணை. அரநாயக்கவில் ஒரு மண்டபத்தில் வைப்பதாகத்தான் முதலில் பேச்சு. ஆனால் பங்காளிகள் சேரச் சேரச் சின்னங்கள் கூடின. சின்னங்கள் கூடக் கூடப் பதாகை நீண்டது. மண்டபச் சுவரில் அது கொள்ளாமல் மடிந்தது. மடிப்புக்குள் போன சின்னத்துக்காரர்கள் மனம் நொந்தார்கள். பதாகையைக் குறைக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பெரிய சுவராகத் தேடினார்கள். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தைப் பார்த்து நிற்கும் இரட்டை லயத்தின் பக்கச்சுவர் அகப்பட்டது. அது ஜீவராணியின் காம்பராச் சுவர். ‘மக்களின் வாசலுக்கே செல்கிறோம்’ என்று அழைப்பிதழில் ஒரு வரி கூடியது.

றிஸாத்தும் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் ஜீவராணி மாமனாரைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா, இந்தத் தடவ சுவத்துல கை வச்சிறாதீங்க.”

“நான் ஏம்மா வைக்கப் போறேன்?”

“போன தடவையும் இதத்தான் சொன்னீங்க.”

“போன தடவ ஒத்த ஆளு வந்தாரு. இப்ப ஒரு வேன் நெறைய வர்றாங்க. லயம் பீத்தலா கெடந்தா நம்மள என்னா நெனைப்பாங்க?”

“பீத்தல்னு நெனைக்கணும்னுதான் மாமா காத்துக்கிட்டு இருக்கேன்!”

செல்லையா தலையாட்டினார். அது தொழிற்சங்கத் தலையாட்டு. பேச்சுவார்த்தை முடிந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை.

மறுநாள் அவள் மலையிலிருந்து இறங்கும்போதே வெள்ளை கண்ணைக் குத்தியது. சுவர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. வெடிப்பு இருந்த இடத்தில் சிமெந்து ஈரம் காயாமல் மினுங்கியது. செல்லையா கையில் வாளியோடு, பாராட்டை எதிர்பார்த்து நின்றார். அவள் அவரைத் தாண்டி உள்ளே போனாள். விடிந்ததும் பெயர்த்துவிடலாம் என்று படுத்தாள். விடியுமுன்னே பதாகைக்காரர்கள் ஏணியோடு வந்துவிட்டார்கள்.

மாநாட்டை நடத்தியவன் டிலக்ஷன். தொண்டு நிறுவனம் ஒன்றின் இணைப்பாளன். அந்தப் புழுக்கத்திலும் கோட்டைக் கழற்றாதவன். பிரட்டுக்களத்தில் கூடாரம் போட்டிருந்தது. மேடையில் பதாகைக்கு முன்னால் பங்காளிகள் வரிசையாக அமர்ந்தார்கள். றிஸாத்தின் அலுவலகம் அனுசரணை தரவில்லை. எனவே பதாகையில் அதற்குச் சின்னம் இல்லை. எனவே மேடையில் கதிரையும் இல்லை. மலை சரியுமா சரியாதா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள், கூடாரத்தின் கடைசி வரிசையில், ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தார்.

ஜீவராணி குனிந்தபடி அவரிடம் போனாள்.

“சேர், அந்தச் சுவத்துல வெடிப்பு இருக்குங்க. கை போற அளவுக்கு.”

“நான் போன முற பாத்தேனே தங்கச்சி. நல்ல சுவர்.”

“அது எங்க மாமா பூசுனதுங்க.”

“இருக்கலாம். ஆனா நான் கண்ணால காணாம எழுத ஏலாது. பதாகையக் கொஞ்சம் தூக்கச் சொல்லுங்களே.”

டிலக்ஷனிடம் ஓடினாள். அவன் அவளைப் பார்க்காமலே, “படமெடுப்பு முடியட்டும் அக்கா” என்றான்.

“எப்ப முடியும் தம்பி?”

“எல்லாப் பங்காளியும் பேசி முடிஞ்சதும்.”

திரும்பி வந்தபோது றிஸாத் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு மத்தியானத்துக்குப் பிறகு வேறு தோட்டத்தில் வேலை. தேத்தண்ணி குடித்ததும் கிளம்ப வேண்டும். தேத்தண்ணித் தட்டு ஏற்கெனவே நடு வரிசைக்கு வந்துவிட்டது. மலைமுகட்டில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

ஜீவராணி காம்பராவுக்குள் போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து கனத்த இரும்பு அலவாங்கை இழுத்தாள்.

டொம்.

மேடையில் ஒரு கனவான் ‘கட்டுப்படியாதல்’ என்ற கருத்தை விளக்கிக்கொண்டிருந்தார். டொம். அவர் நிறுத்தினார். டிலக்ஷன் ஒலிவாங்கியை வாங்கி, “கிராமத்து மக்கள் தங்கள் உற்சாகத்தைத் தெரிவிக்கிறார்கள்” என்று புன்னகைத்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அது அவளுக்கு வசதியாகப் போயிற்று. கைதட்டும் சத்தத்துக்குள் வேகமாக நாலைந்து போட்டாள்.

முன்வரிசையில் இருந்த செல்லையாவுக்கு மட்டும் அது என்ன சத்தம் என்று தெரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் தன் நெஞ்சிலேயே விழுந்த மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்து வங்கி முகாமையாளர் எழுந்தார். “எமது வங்கி ஏழை மக்களை நோக்கிக் கரம் நீட்டுகிறது” என்று தொடங்கினார். அவர் தலைக்கு மேலே, சரியாக வங்கிச் சின்னத்தின் நடுவில், பதாகை மூக்கு மாதிரி முன்னால் துருத்தியது. உள்ளே போனது. மறுபடி துருத்தியது. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு பிளாஸ்டிக் கிழிந்து, அலவாங்கு நுனி சபைக்கு முகம் காட்டியது.

றிஸாத் தேத்தண்ணிக் கோப்பையைக் கதிரையில் வைத்தார். யாரிடமும் அனுமதி கேட்காமல் மேடையேறினார். பதாகையின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பு. ஆணிகள் தெறித்தன; சின்னங்கள் எல்லாம் கூட்டாகக் கீழே சரிந்தன.

வெள்ளைச் சுவர் நடுவே கறுப்பாகப் பிளந்திருந்தது. பிளவுக்குள் சிமெந்துத் தூசி படிந்த ஒரு முகம்.

“எவ்வளவு நாளா இப்பிடி?” என்றார் றிஸாத்.

“நீங்க எளநி குடிச்சப்பவும் இருந்திச்சு சேர்.”

அவர் சட்டைக் கையைச் சுருட்டினார். கையை உள்ளே விட்டார். முழங்கை வரை போனது. குனிந்து சுவரின் அடியைப் பார்த்தார். வெடிப்பு அத்திவாரத்தோடு நிற்கவில்லை. மண்ணுக்குள் இறங்கி, லயத்தின் பின்பக்க மேட்டை நோக்கிப் போனது. நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. ‘ஆபத்து’ என்று எழுதினார். பிறகு வானத்தைப் பார்த்துவிட்டு, “மழைக்கு முந்தி ஒருத்தரும் லயத்துக்குள்ள இருக்கப்படாது. எல்லாரும் எறங்குங்க” என்றார்.

ஜீவராணி அலவாங்கைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். இதைக் கேட்கத்தானே இத்தனை நாள் தவித்தாள். கேட்ட பிறகும் தவிப்பு அடங்கவில்லை.

“எறங்கி எங்கிட்டு போறது சேர்?”

மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வீடு பற்றி அவர்களிடம் நிறைய இருந்தது. வீடு மட்டும் இல்லை. கூடிப் பேசினார்கள். கடைசியில் டிலக்ஷன் வந்து, மாநாட்டுக் கூடாரத்தை நாளை வரை பிரிக்காமல் வைத்திருக்கக் கூட்டாக இணங்கியிருப்பதாக அறிவித்தான். கைதட்டினார்கள். பானையும் பாயும் சுமந்து வந்த சனங்களைக் கூடாரத்தின் முன்னால் நிறுத்திப் படமெடுத்தார்கள். “முதல் பயனாளிகள்” என்று டிலக்ஷன் யாருக்கோ போனில் சொன்னான்.

வேன் ஏறும் முன் றிஸாத் ஜீவராணியிடம் வந்தார். “முன்னிடம் நிச்சயம் தங்கச்சி. நாளைக்குப் பெரியவங்களக் கூட்டிக்கிட்டு வாறன். அவங்களும் கண்ணால காணட்டும்.”

அந்தப் பேச்சு செல்லையாவின் காதில் விழுந்தது. நாளைக்குப் பெரியவர்கள் வருகிறார்கள். அவர் மெதுவாக எழுந்து எதையோ தேடத் தொடங்கினார். பானைகளுக்குப் பின்னால் பார்த்தார். பாய்ச்சுருளுக்கு அடியில் பார்த்தார்.

“என்னா மாமா தேடுறீங்க?”

“ஒண்ணுமில்லம்மா. மிச்சச் சுண்ணாம்பு ஒரு வாளி இருந்திச்சு.”

ஜீவராணி அதைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தாள். மகளை மடியில் இழுத்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

மழை பிடித்தது. கூடாரத்து உச்சியில் ஒரு கிழிசல். அதன் வழியே தண்ணீர் நூல் பிடித்து நடுவில் இறங்கியது. செல்லையா அதை அண்ணாந்து பார்த்தார். மருமகளைப் பார்த்தார். மறுபடி கிழிசலைப் பார்த்தார்.

“அந்த ஓட்டைய மட்டும் அடைச்சிறவா?”

“தொடாதீங்க மாமா,” என்றாள் ஜீவராணி. “அவங்க வந்து பாக்கட்டும்.”