கேட்காமல் எடுத்த அட்டை

தலைக்கு மேலே பாண் பெட்டி அடுக்குகிற வேலை இப்போது ராசனுடையது. அம்புறோஸ் இடுப்பளவு மேசையருகே நின்று, பைகளின் மேல் இடது கையால் திகதிச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். வலது கை மேசை விளிம்பில் சும்மா கிடந்தது. அதைத் தோளுக்கு மேல் தூக்க ஏலாது. அந்தப் பேக்கரியில் பதினெட்டு வருடம் பெட்டி அடுக்கிய கை அது. ராசன் ஒவ்வொரு பெட்டியை ஏற்றும்போதும் அவர் பக்கம் பார்க்காமல் ஏற்றினான், நல்ல மனுசன். சீட்டு ஒட்டுவதற்கு மெஷின் வரப்போகிறது, அதன் பிறகு கை சரிவராவிட்டால் வேலை இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார். பத்து மணிக்கு அம்புறோஸ் ஏப்ரனைக் கழற்றி மாட்டினார். கோர்ட்டுக்குப் போகவேண்டும்.

போன குளிர்காலத்தில்தான் அது நடந்தது. வேலை முடிந்து விடியற்புறம் பஸ்ஸுக்கு நடந்தவரை இரண்டு பொலிஸ்காரர் மறித்தார்கள். கடை உடைத்தவன் ஒருவனைத் தேடி வந்தவர்கள். நில் என்றார்கள். நின்றார். நின்றதும் ஜாக்கெட்டுக்குள் கை விட்டார். அவ்வளவுதான். முகம் நிலத்தில் கிடந்தது, முதுகில் முழங்கால், வலது கை பின்னால் முறுகியது. தோள் கழன்ற சத்தம் அவருக்கே கேட்டது. விரலுக்குள் இருந்த அடையாள அட்டை நிலத்தில் விழுந்தது. விழுந்த பிறகும் அந்த முழங்கால் எழும்பவில்லை. ஆள் மாறிவிட்டது என்று தெரிந்ததும் அவர்களே அம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள்.

மன்னாரில் சோதனைச்சாவடி தாண்டிப் பள்ளிக்கூடம் போன மனுசன் அம்புறோஸ். ஆமிக்காரன் வாய் திறக்குமுன் அட்டை கையில் இருக்கவேண்டும். பிந்தி எடுத்தவனுக்கு அடி. மூளை மறந்தாலும் கை மறக்குமா? ஜேர்மனிக்கு வந்து இத்தனை வருடமாகியும், பஸ்ஸில் டிக்கெட் பார்க்கிறவர் ஏறினால் முதலில் நீளுவது அவருடைய கைதான். மகள் அன்னா சின்ன வயதில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

சட்டத்தரணி நல்ல பெண். முதல்நாளே நிதானமாக விளக்கினார். இந்த நாட்டில் கடமையில் இருந்த பொலிஸ்காரனில் நேரே நட்டஈட்டு வழக்குப் போட முடியாது. மாநில அரசில்தான் போடலாம். அவன் வெறும் சாட்சியாக வந்து போவான். அம்புறோஸுக்கு அது விளங்கவே இல்லை.

"முறிச்சவன் ஒருத்தன், வழக்கு இன்னொருத்தனிலையோ?"

எல்லாம் ஒரு கேள்வியில் நிற்கிறது என்றும் சட்டத்தரணி சொல்லியிருந்தார். பொலிஸ் அட்டையைக் கேட்டதா? கேட்டதற்கு அம்புறோஸ் எடுத்தார் என்றால் பிழை அவர்களில். கேட்காமல் கையை உள்ளே விட்டார் என்றால், ஆயுதம் எடுக்கிறான் என்று பயந்தோம் என்பார்கள். அதற்குமேல் நகர்த்துவது கஷ்டம்.

கோர்ட்டுக்குப் போகும் பஸ்ஸில் மனைவி லூர்தம்மா அவர் காதோடு குனிந்தார். இங்கத்தைய யாத்திரைத் தலமான கேவலாரின் மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டு வந்தவர்.

"இஞ்சருங்கோ, கேட்டவங்கள் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன். அங்க ஆர் நிண்டு பாத்தது?"

"மாதாவுக்கு நேர்த்தியும் வச்சுப்போட்டு, பொய்யும் சொல்லச் சொல்லுறீரோ?"

"மாதாவுக்கு உங்கட தோள் தெரியும்" என்றார் லூர்தம்மா.

தாதிப் படிப்புப் படிக்கும் அன்னா, அன்று லீவு எடுத்து வந்திருந்தாள். தாயை அடக்கவும் இல்லை, தகப்பனைத் தூண்டவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சாட்சி சொல்ல வந்த பொலிஸ்காரன் சின்னப் பெடியன் மாதிரித்தான் இருந்தான், சவரம் செய்த இடம் சிவந்திருந்தது. நாங்கள் எதையும் கேட்கவில்லை, அவர் திடீரென்று ஜாக்கெட்டுக்குள் கை விட்டார் என்றான். அட்டை கீழே விழுந்த பிறகும் ஏன் விடவில்லை என்று சட்டத்தரணி கேட்டார். இருட்டில் அட்டையைக் காணவில்லை என்றான். அம்புறோஸ் பக்கம் அவன் ஒருமுறையும் திரும்பவில்லை.

பிறகு நீதிபதி அம்புறோஸிடம் கேட்டார். கண்ணாடி போட்ட வயதான பெண்மணி, மெதுவாகப் பேசினார். அட்டையைக் காட்டும்படி அவர்கள் கேட்டார்களா?

அம்புறோஸ் எழும்பி நின்றார். பின்னால் லூர்தம்மா செபமாலையை இறுக்கிப் பிடித்தார். ஒரு சொல்தான், சொன்னால் தோளுக்கு வழி பிறக்கும், வேலை போனாலும் வீடு தாங்கும். அவர் பேக்கரியில் பழகிய ஜேர்மன் மொழியில் சொன்னார்.

"இல்லை. அவை கேக்கேல்லை. யூனிஃபோமைக் கண்டா, கேக்க முதலே எடுத்து நீட்டிடுவம். எங்களுக்கு அது மரியாதை."

சட்டத்தரணி பேனாவை மூடி வைத்தார்.

மத்தியானத்துக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. உங்கள் நேர்மையை மதிக்கிறேன், உங்கள் வலிக்காக வருந்துகிறேன் என்றார் நீதிபதி, மனதாரத்தான் சொன்னார். ஆனால் ஜாக்கெட்டுக்குள் என்ன இருந்ததென்று அந்த உத்தியோகத்தருக்கு அப்போது தெரியாது. அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. வழக்குத் தள்ளுபடி. பொலிஸ்காரன் தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். மேல்முறையீடு பற்றிச் சட்டத்தரணி நடையில் நின்று ஏதோ சொன்னார். அம்புறோஸ் மரியாதைக்குத் தலையாட்டினார். லூர்தம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனாலும் புருசனை ஒரு சொல் குற்றம் சொல்லவில்லை. அவருடைய ஜாக்கெட்டின் பொத்தானைப் பூட்டிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் மூவரும் பின்பக்கம் இருந்தார்கள். பல்கலைக்கழகத் தரிப்பில் மாணவர்கள் இறங்க, கருநீல யூனிஃபோமோடு டிக்கெட் பரிசோதகர் ஏறினார். அன்னா தகப்பனைப் பார்த்தாள். அந்தக் கை எப்போதும்போல் முதலில் நீளும் என்று நினைத்தாள்.

அம்புறோஸ் இடது கையை முன் இருக்கையின் முதுகில், விரல்களை விரித்து வைத்தார். பிறகு யோசித்து, அதை எடுத்து, வலது கையை இடது கையால் தூக்கிக் கொண்டுபோய் அங்கே வைத்தார். பக்கத்தில் இடது கையையும் விரித்து வைத்தார். தலையைத் திருப்பவில்லை.

"அன்னா, டிக்கெட் ஜாக்கெட்டுக்குள்ள கிடக்கு. நீ எடு."

அவள் தகப்பனின் ஜாக்கெட்டுக்குள் மெதுவாகக் கைவிட்டு எடுத்து நீட்டினாள். பரிசோதகர் பார்த்தார், நன்றி சொன்னார், சிரித்த முகத்தோடு அடுத்த இருக்கைக்குப் போனார். இறங்கவேண்டிய தரிப்பு வரும்வரை அம்புறோஸின் இரண்டு கைகளும் அங்கேயே இருந்தன.