முன் ஜோடி போன வழி

நியூ ஹாம்ப்ஷயரின் அந்த ஊரில் யாராவது கட்டிடத்தை இடம் மாற்றினால் ஊரே மாடு பூட்டி வந்து இழுத்துக் கொடுக்கும். மறுத்தால் நாளை உனக்கு ஒரு மாடும் வராது. அந்த நல்ல வழக்கத்தைத்தான் ஜேபஸ் கோல்பர்ன் கேடுகெட்ட வேலைக்குத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"நாளைக்குப் பள்ளிக்கூடத்தை இழுத்துச் சதுப்புல தள்ளப்போறோம், ஹுல்டாக்கா. உங்க மாட்டு ஜோடிதான் முன்னால போகணும்."

வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் படிப்பது அவன் கண்ணை உறுத்தியது. ஞாயிறு தவறாமல் வேதம் வாசிக்கிற கண். வண்டிக்குள் உட்கார விடாததால் அதன் கூரைமேல் மழையில் நனைந்துகொண்டே இந்த ஊருக்குப் படிக்க வந்த கெசியா என்ற கறுப்புப் பெண்ணை விதவை ஹுல்டாதான் வீட்டில் வைத்திருந்தாள்.

"லத்தீன் படிச்சு அதுங்க என்ன பண்ணப்போகுதுங்க?"

"உன் மகன் படிச்சு என்னத்தைக் கிழிச்சான்?"

"மாடு வருமா, வராதா?"

"வரும்."

அடுப்படியிலிருந்த கெசியாவின் முகம் செத்துப்போனது. "நீங்களுமாம்மா?" என்றாள்.

ஹுல்டா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "மூட்டையைக் கட்டிக்கோ. ஆனா நான் வர்றவரைக்கும் படி இறங்காதே."

காலையில் பள்ளிக்கூடத்தை உருளைக் கட்டைகள்மேல் ஏற்றி, நீளமாகச் சங்கிலி கட்டினார்கள். ஹுல்டாவின் ஜோடி அவள் குரலுக்கு மட்டுமே அசையும். அது தெரிந்தும் அவளையே முன்னால் நிறுத்தினார்கள். சாராயத்தில் ஊறின மூளை வேறெப்படி வேலை செய்யும்?

பாதை பிரிகிற இடத்தில் இடப்பக்கம் சதுப்பு, வலப்பக்கம் ஹுல்டாவின் வீட்டை ஒட்டிய மேய்ச்சல் நிலம். அவள் வலப்பக்கம் திருப்பினாள். முன் ஜோடி போன வழியே மற்ற மாடுகளும் போயின. பின்னால் குடித்துக் கூச்சலிட்டு வந்த ஜேபஸ் விழித்துக்கொண்டு ஓடிவந்தபோது, கட்டிடம் அவள் வேலிக்குள் நின்றது. ஹுல்டா தன் ஜோடியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன காரியம் பண்ணீங்க?"

"இது என் நிலம். இதுல நிக்கறதைத் தொட்டா திருட்டு. அதுக்குச் சட்டம் இருக்கு. உங்களுக்குத்தான் வெக்கம் இல்ல."

"இனி உங்க களஞ்சியம் சரிஞ்சா ஒரு மாடு வராது."

"வர வேண்டாம். சரியட்டும். உன் மூஞ்சியைப் பாக்கறதுக்கு அது மேல்."

ஒவ்வொருவராக மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். ஹுல்டா தன் வீட்டை அண்ணாந்து பார்த்தாள். மாடி ஜன்னலில் கெசியா மூட்டையோடு நின்றாள்.

"இறங்கி வாடி. பள்ளிக்கூடமே வாசல்ல நிக்குது. கண்ணாடியெல்லாம் நொறுங்கிக் கிடக்கு, தொடப்பத்தை எடுத்துக்கிட்டு வா."