கூட்டமில்லாத நாள்

அன்று காலை டாக்டருக்கு ஒரே ஓர் ஆசைதான். தெருவே நோயில் விழ வேண்டும். வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள், ஆனால் உண்மை அதுதான். இருமலோ மூட்டுவலியோ ஆறாத கால்புண்ணோ, எதுவானாலும் சரி, வழக்கம்போல வாசலைத் தாண்டி ரோடு வரைக்கும் ஆட்கள் நிற்க வேண்டும். எழுதி எழுதிக் கை ஓய்ந்து, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிச் செருப்புத் தேய்ந்து, கடைசியில் மேலிடத்து அதிகாரி ஒருவர் இன்றைக்குத்தான் நேரில் பார்க்க வருகிறார்.

விஷயம் இவ்வளவுதான். அந்தச் சுகாதார நிலையத்தில் இரண்டு டாக்டர்கள் இருக்க வேண்டும். பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுப் போனபோது பூட்டிய அறை இன்னும் பூட்டியே கிடக்கிறது. அதில் இப்போது காலி மருந்துப் பெட்டிகளும் குழந்தைகளை நிறுக்கும் உடைந்த தராசும் குடித்தனம் நடத்துகின்றன. மிச்சமிருப்பவர் இவர் ஒருவர்தான். பச்சைக் குழந்தையிலிருந்து பல் விழுந்தவர் வரை எல்லாரும் இவர் தலையில். ஒருவர் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார். மனைவி கட்டிக்கொடுக்கும் சாப்பாடு பாதி நாள் திறக்காமலே வீடு திரும்பும். "இதுக்கு நான் எதுக்கு விடியறதுக்கு முன்னாடி எழுந்து அடுப்புல வேகணும்?" என்று அவள் டப்பாவை ணங்கென்று வைப்பாள்.

பசி கிடக்கட்டும். போன வாரம் நடந்ததுதான் அவரை ஆட்டிவிட்டது. கர்ப்பிணிப் பெண் ஒருத்திக்கு எழுதிய சீட்டில், அவளுக்கு முன்னால் வந்துபோன வலிப்புக்காரரின் மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டார். மருந்து கொடுக்கும் சிஸ்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சார், இது இவங்களுக்கா?" என்று கேட்டதால் தப்பித்தது. கேட்காமல் விட்டிருந்தால்? அந்தக் கேள்வி அவரோடு படுத்து அவரோடு எழுந்தது. இன்னொரு டாக்டர் வராவிட்டால் என்றைக்காவது தன் கையாலேயே ஓர் உயிர் போய்விடும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

அதிகாரி அம்மா போனில் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருந்தார். "மூணு இடத்துல கேக்கறாங்க சார். என் கையில இருக்கிறது ஒரே ஒரு டாக்டர். ஒரு நாள் முழுக்க உக்காந்து பாக்கப் போறேன். எங்க கூட்டம் தாங்கலையோ அங்க அனுப்புவேன்."

டாக்டருக்குச் சிரிப்புத்தான் வந்தது. இங்கே எதற்குப் பஞ்சம் வந்தாலும் கூட்டத்துக்கா பஞ்சம்? சிஸ்டரிடம் மட்டும் சொல்லிவைத்தார். "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. ஆளைக் கூட்டி வந்து காட்டுறோம்னு பேர் வந்துடக் கூடாது. எப்பவும் போல இருக்கட்டும்."

காலையில் வந்து பார்த்தால் வாசல் பளிச்சென்று இருந்தது. யாரோ கூட்டிப் பெருக்கியிருந்தார்கள். சுவரில் தொங்கிக்கொண்டிருந்த கிழிந்த போஸ்டரைக்கூடச் சுரண்டி எடுத்திருந்தார்கள். பெஞ்சில் ஒரு ஈ காக்கை இல்லை. சரி, கொஞ்சம் பொறுத்து வருவார்கள் என்று டாக்டர் உள்ளே போய் உட்கார்ந்தார்.

அதிகாரி அம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். நல்ல மாதிரி. காபி வேண்டாம், மரியாதையெல்லாம் வேண்டாம் என்று மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். மேலே மின்விசிறி கடகடத்தது. வேறு சத்தமில்லை. இந்த அறையில் மின்விசிறிக்கு இப்படி ஒரு சத்தம் உண்டு என்பதே அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜன்னல் வழியாக எதிர்ச் சலூன் தெரியும். சலூன்காரருக்கு அந்தத் தெருவில் ரேடியோ என்று பெயர். காலையில் ஒரு தலையில் கத்தரி வைத்தால் மத்தியானத்துக்குள் சேதி ஊர் முழுக்கப் போய்விடும். டாக்டருக்குச் சிநேகிதர், டாக்டரிடமே ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்கிப் பாதி நாள் போட மறக்கிறவர். இன்றைக்குக் கடைக்குள் நிற்காமல் ரோட்டில் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவரிடமெல்லாம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் வேகமாக வந்தாள். ரேடியோ குறுக்கே போய் அவளிடம் இரண்டு வார்த்தை சொன்னார். அவள் டாக்டரின் ஜன்னலை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனாள். இந்த மனுஷனுக்கு இன்றைக்குமா வம்பு வேண்டியிருக்கிறது என்று டாக்டர் பல்லைக் கடித்தார்.

கடைசியில் ஒரே ஒருவர் வந்தார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். காது மந்தம், வாய் ஜாஸ்தி. "மனுஷன் சாகறதுக்குள்ள கூப்பிடுவீங்களா மாட்டீங்களா?" என்று தினமும் பெஞ்சிலிருந்து கத்துகிற ஆள். இன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வந்து அதிகாரிக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

"இங்க காத்திருக்கிறதுன்னா என்னன்னே எங்களுக்குத் தெரியாதும்மா. வந்தோமா, பாத்தோமா, போனோமான்னு இருக்கும். இவர் ஒருத்தர் பத்து டாக்டருக்குச் சமம். வேற யாரும் வேண்டவே வேண்டாம்."

சொல்லிவிட்டு டாக்டரைப் பார்த்து ஒரு கண்ணையும் சிமிட்டினார். டாக்டருக்கு அவர் கழுத்தை நெரித்துவிடலாம் போல இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் ஜன்னல் பக்கம் பார்த்தபோது ரேடியோ ரோட்டில் இல்லை. வாடிக்கைக்காரர் உட்காரும் நாற்காலியில் தானே சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் பார்ப்பதைக் கண்டதும் ஒரு கையைத் தூக்கிக் கட்டை விரலைக் காட்டினார். மற்றக் கை மடியில் கிடந்தது. இங்கே என் பிழைப்புச் சிரிப்பாய்ச் சிரிக்கிறது, இவருக்கு விளையாட்டு என்று டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் அதிகாரி எழுந்தார். டாக்டர் கூடவே எழுந்து வாசல் வரைக்கும் ஓடினார்.

"மேடம், இது தினமும் மாதிரி இல்ல. நாளைக்கு ஒரு தடவை வந்து பாருங்க. பதிவேட்டையாவது புரட்டிப் பாருங்க."

"பதிவேட்டை எல்லாரும்தான் நிரப்பி வச்சிருக்காங்க சார். நான் வர்றேன்னு தெரிஞ்சா மத்த இடத்துல ஊரைக் கூட்டி நிக்க வைப்பாங்க. நீங்க நேர்மையா இருந்தீங்க, அதுக்கு என் பாராட்டுக்கள். அருமையா நடத்தறீங்க. இங்க ஒரு டாக்டரே போதும்." அதில் கேலி இல்லை. மனதாரத்தான் சொன்னார். கார் கிளம்பியது.

கார் திருப்பத்தில் மறைவதற்காகவே காத்திருந்ததுபோலச் சலூனிலிருந்து ரேடியோவின் மனைவி ஓடி வந்தாள்.

"அண்ணா, சீக்கிரம் வாங்கண்ணா! அவருக்கு என்னமோ பண்ணுது!"

ரேடியோ அதே நாற்காலியில்தான் இருந்தார். சட்டை வியர்வையில் ஊறி உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு வெளுத்துவிட்டது. நாடியைத் தொட்டதுமே டாக்டருக்கு எல்லாம் புரிந்தது. மாரடைப்புக்கான மாத்திரையை மென்று விழுங்கக் கொடுத்து, சிஸ்டரை ஆம்புலன்சுக்குப் போன் செய்யச் சொல்லிக் கத்தினார். பெரிய ஆஸ்பத்திரி இருப்பது நகரத்தில். வண்டி அங்கிருந்து கிளம்பி வர வேண்டும்.

"எப்பத்திலேருந்து வலிக்குது?"

"காலையிலேருந்துண்ணா," என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "தாடை வலிக்குது, கை இழுக்குதுன்னார். எதிர்லதானே இருக்காங்க, போய்க் காட்டுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே? ஊரையே வராதீங்கன்னு சொல்லிட்டு நானே போய் நிக்கறதான்னார். அந்தம்மா போகட்டும், அதுவரைக்கும் டாக்டர்கிட்ட மூச்சு விடாதேன்னு என் மேல சத்தியம் வாங்கிட்டார்."

"ஊரை வராதீங்கன்னு சொன்னாரா? ஏன்?"

வாசலில் போனைப் பிடித்தபடி நின்ற சிஸ்டர் அழ ஆரம்பித்தார். "நான்தான் சார். பெரிய அதிகாரி வர்றாங்க, சாருக்கு ரொம்ப முக்கியமான நாள்னு நேத்து இவர்கிட்ட வாய் தவறிச் சொல்லிட்டேன்."

ரேடியோ கண்ணைத் திறந்தார். மூச்சுக்கு நடுவே வார்த்தை துண்டு துண்டாக வந்தது. "உங்க மேல யாரோ புகார் குடுத்துட்டாங்கன்னு நெனச்சேன் டாக்டர். இந்தக் கூட்டத்தையும் சண்டையையும் பாத்தா, ஆளுக்குச் சமாளிக்கத் தெரியலன்னு உங்களத் தூக்கிடுவாங்களே. அதான் வீடு வீடாப் போய்ச் சொன்னேன். ஒரு நாள் பல்லைக் கடிச்சுக்கங்கன்னு. எல்லாரும் கேட்டாங்க டாக்டர். ஒருத்தர்கூட மறுக்கல."

இந்த மனிதர் மாரடைப்போடு நாள் முழுக்க இருந்த இடத்துக்கும், தான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த இடத்துக்கும் நடுவில் ஒரு ரோடுதான். கூப்பிட்டால் கேட்கும். காலையிலேயே நகரத்துக்கு அனுப்பியிருக்கலாம். தூக்கிக் காட்டிய கையைப் பார்த்தேனே, மடியில் கிடந்த கையைப் பார்க்கவில்லையே என்று நெஞ்சு வெந்தது.

"அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்று ரேடியோ கேட்டார்.

டாக்டர் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். "பாராட்டினாங்க. அருமையா நடத்தறீங்கன்னாங்க. இங்க ஒரு டாக்டரே போதும்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"பாத்தீங்களா!" ரேடியோவின் முகம் மலர்ந்துவிட்டது. "இனிமே உங்கள யாரும் அசைக்க முடியாது."

ஆம்புலன்ஸ் வந்தபோது அதற்கு அங்கே வேலை இருக்கவில்லை.

மறுநாள் காலை கூட்டம் ரோடு வரைக்கும் நின்றது. நேற்று அடக்கி வைத்த இருமலெல்லாம் சேர்ந்து வந்திருந்தது. பெஞ்சு நிறைந்து, படி நிறைந்து, சலூனின் மூடிய கதவு வரைக்கும் ஆட்கள். உள்ளே போன டாக்டர் அதிகாரிக்குப் போன் போட்டார்.

"ஐயோ, மூணுல உங்க இடம்தான் கடைசி, அறிக்கை நேத்தே போயிடுச்சே சார். அந்த டாக்டரை வேற இடத்துக்குப் போட்டாச்சு. அடுத்த வருஷம் மறுபடி எழுதிப் போடுங்க."

டாக்டர் வெளியே வந்து படியில் நின்றார். பேச வேண்டும் என்றுகூட அவர் நினைக்கவில்லை, குரல் தானாக வெடித்தது.

"இனிமே யாரும் எனக்கு நல்லது பண்ண வேண்டாம்! வலிச்சா வாங்க. யார் வந்தா என்ன, எவர் உக்காந்தா என்ன, வாங்க. பெஞ்சுல உக்காந்து கத்துங்க. இன்னொரு டாக்டர் குடுங்கன்னு உங்க கூட்டத்தைக் காட்டித்தான் கேட்டேன். அந்தக் கூட்டத்தையே ஒளிச்சு வச்சிட்டீங்களே! அவரையும் ஒளிச்சு வச்சுக் கொன்னுட்டீங்களே! நானும் சேர்ந்துதான் கொன்னேன்!"

அதற்கு மேல் முடியவில்லை. அத்தனை பேர் முன்னாலும் அந்த வயதில் விக்கி விக்கி அழுதார்.

கூட்டத்தில் யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பஸ் டிரைவர் பக்கத்திலிருந்தவரிடம் ரகசியமாகப் பேசினார். காது மந்தமானவரின் ரகசியம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. "பாவம், மனுஷன் ராத்திரி கண்ணை மூடியிருக்க மாட்டார். இன்னிக்கு ஒரு நாள் அவரத் தொந்தரவு பண்ண வேண்டாம். நாளைக்கு வந்துக்கலாம்."

அதுதான் நியாயம் என்று எல்லாருக்கும் பட்டது. ஒருவர் எழுந்தார். பிறகு பெஞ்சு முழுவதும் எழுந்தது. "ரெஸ்ட் எடுங்க டாக்டர்." "நாங்க அப்புறம் வரோம்." பிள்ளையைத் தோளில் போட்டவர்கள், சுவரைப் பிடித்து நடப்பவர்கள், எல்லாரும் சத்தம் போடாமல் கலைய ஆரம்பித்தார்கள்.

"போகாதீங்க! யாரும் போகாதீங்க!"

டாக்டர் படியிலிருந்து இறங்கி ஓடி, கடைசியாகப் போய்க்கொண்டிருந்த தையல் கடைக்காரம்மாவின் கையை எட்டிப் பிடித்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லை டாக்டர்," என்றாள் அவள். "நீங்க முதல்ல போய்ப் படுங்க."

அவர் பிடித்திருந்த கை நெருப்பாய்க் கொதித்தது.