நான்கு நாற்காலிகளும் ஒரு சித்தப்பாவும்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மூன்று மருமகன்களும் விளங்காமல் போகட்டும். மூவர் தலையிலும் தனித்தனியே அடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

கன் தோ நகரத்தில், ஆற்றோரத்துப் பழைய படகுத்துறைப் பேட்டையில், திரின் என்றொரு யோகா ஆசிரியை. பெரிய ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடம் கைகால் முடங்கியவர்களை நடக்கவைத்துவிட்டு, பிறகு வைத்திய யோகா படித்துவிட்டு வந்தவள். பேட்டையின் பொதுமன்றத்தில் காலை ஐந்தரையிலிருந்து ஏழு மணிவரை நோயாளிகளுக்கு வகுப்பு நடத்தினாள். மொத்தம் நான்கு பேர். நான்கு பேரையும் பிரித்துச் சேர்த்தாலும் ஒரு முழு உடம்பு தேறாது.

மூத்தவர் லுக் பெரியப்பா. எழுபத்தொன்பது வயது, படகோட்டி ஓய்ந்தவர். ரத்தக் கொதிப்பு, தலை கீழே போகக்கூடாது. ஆனால் முழங்கால் இரண்டும் இருபது வயதுக்காரனுடையவை. அடுத்தது தோம் அத்தை, எழுபத்தொன்று. வலது தோள் இறுகிப்போய்க் கை காதுக்குமேல் ஏறாது. உலகத்து நோயெல்லாம் உடம்புக்குள் காற்று புகுந்ததால் வருவதே என்பது அவள் கட்சி; பச்சைத் தைலப் புட்டி இல்லாமல் பாயில் கால் வைக்கமாட்டாள். மூன்றாவது குவோய் மாமா, அறுபத்தாறு வயதுத் தையற்காரர். முதுகுத்தண்டில் தட்டு விலகியவர்; குனியக்கூடாது, முறுக்கக்கூடாது. கடைசி மியென், ஐம்பத்து மூன்று. நூடுல்ஸ் சூப் கடையில் முப்பது வருடம் நின்று நின்றே வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. அவள் காலை மடக்கினால் வரும் சத்தத்துக்கு எதிர்க்கரை நாய்கள் எழுந்து குரைக்கும். இது அங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

ஆளுக்கொரு நோய், ஆளுக்கொரு ஆசனம் என்பது திரினின் முறை. தனக்குச் சொன்னதைத் தவிர மற்றதையெல்லாம் செய்வது அந்த நால்வரின் முறை.

"டீச்சர், குவோய்க்கு மட்டும் தலகாணி குடுத்தீங்க. எனக்கு இல்லியா?" என்பாள் தோம் அத்தை.

"அது முதுகுக்கு அத்தை. உங்களுக்குத் தோள்தானே?"

"தோள் எதுல ஒட்டிக்கிட்டு இருக்கு? முதுகுலதான?"

லுக் பெரியப்பா அதற்குள் தலையைக் கீழே போட்டு, கால்களுக்கு நடுவே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். "பெரியப்பா, தலையத் தூக்குங்க" என்றால், "தண்ணிக்குள்ள மூழ்கி நங்கூரம் எடுத்தவன்மா நான். இது ஒரு தலகீழா?" என்பார், முகம் பீட்ரூட் மாதிரிச் சிவந்திருக்க. மூச்சை மெதுவாக விடுங்கள் என்று நாளெல்லாம் சொல்லிக்கொடுக்கும் திரின் பல்லை நறநறவென்று கடித்ததில், இரண்டு கடைவாய்ப் பற்கள் மாவாகிப் போயின. வைத்தியர் அந்த மாவைப் பொட்டலம் கட்டி அவளிடமே கொடுத்தனுப்பினார்.

இந்த நிலையில் பேட்டை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எழுபத்தாறு பேர் கொண்ட ஜோடி நடனக் கழகம் அதே காலை நேரத்தைக் கேட்கிறது. நான்கு பேருக்காக ஒரு மன்றத்தை ஒதுக்குவது கடினம். ஆனாலும் யோகாக் குழு ஒரு குழுதான் என்று நிரூபித்தால் நேரம் அவர்களுக்கே. நிரூபணம் என்னவென்றால், வெள்ளிக்கிழமை காலை அதிகாரியின் முன்னால் எல்லாரும் ஒரே ஆசனத்தை, ஒரே நேரத்தில், மூன்று நிமிடம் செய்துகாட்ட வேண்டும். அந்த ஊரில் கூட்டுக்காட்சி காட்டாத குழுவைக் குழு என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

மன்றம் போனால் மியெனின் கால் போகும் என்பது திரினுக்குத் தெரியும். வேறு இடம் பிடிக்க வழியில்லை. இன்னும் ஆறு மாதம் விட்டால் சூப் கடையை மூட வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் திரின் ஒரு தாளில் ஆசனங்களை எழுதி அடித்தாள். குனிந்தால் குவோய் மாமா போச்சு. கையைத் தூக்கினால் தோம் அத்தை போச்சு. முட்டி போட்டால் மியென் போச்சு. கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது: நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை இழுக்கும்போது குதிகாலைத் தூக்கி, விடும்போது இறக்குவது. பச்சைப் பிள்ளையும் செய்யும். அவளுக்கு நிம்மதியில் தூக்கம் வந்தது.

திங்கட்கிழமை நான்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள். மூவர் உட்கார்ந்தார்கள். மியென் தரையில் உட்கார்ந்தாள். எதிர்க்கரையில் நாய்கள் குரைத்தன.

"மியென் அக்கா, நாற்காலியில உக்காருங்க. உங்களுக்காகத்தான் போட்டது."

"பெரியப்பா உக்காந்திருக்கிற ஒசரத்துல நானா? எங்கம்மா என்னை அப்படியா வளத்தாங்க?"

"உக்காரு மியென், உக்காரு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றார் லுக் பெரியப்பா. நினைத்துக்கொள்பவர்கள் மட்டுமே பேசும் குரல் அது.

"நல்ல வளர்ப்பு" என்று தோம் அத்தை தலையாட்டினாள். ஆட்டியவள், தானும் லுக் அண்ணனின் உயரத்திலேயே உட்கார்ந்திருப்பதைக் கண்டு சடாரென்று தரைக்கு இறங்கினாள். அத்தை தரையில் இருக்கும்போது குவோய் மாமா எப்படி மேலே இருப்பார்? அவரும் இறங்கினார், இடுப்பைப் பிடித்துக்கொண்டே. நாற்காலி தேவைப்படாத ஒரே மனிதர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து நன்றாகக் குதிகாலைத் தூக்கி இறக்கினார்.

செவ்வாயன்று திரின் மூத்தவரை நாற்காலியிலும் மற்றவர்களைப் படிப்படியாகக் குட்டை முக்காலிகளிலும் உட்காரவைத்தாள். முறை சரியாக வந்தது. ஆனால் மியெனுக்குக் கிடைத்தது சாணளவு பிளாஸ்டிக் முக்காலி. அதில் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயை இடித்தது, தரையே தேவலை.

"பழகிடும் டீச்சர்" என்றாள் மியென், கண்ணில் நீர் முட்ட.

"பழகக் கூடாதுக்கா. அதுக்குத்தான் நீங்க இங்க வர்றதே."

புதனன்று அவள் கணக்கைத் தலைகீழாகப் போட்டாள். மியெனின் கால் பிழைக்க அவள் நாற்காலியில்தான் உட்கார வேண்டும். அப்படியானால் குவோய் மாமா அதற்கு ஒரு முழம் மேலே, தோம் அத்தை இரண்டு முழம் மேலே, லுக் பெரியப்பா மூன்று முழம் மேலே. மன்றத்தின் பின்கட்டில் கல்யாணங்களில் காலியான பீர் பெட்டிகள் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. திரின் ஒரு நாள் முழுக்கச் சுமந்தாள். பெட்டிமேல் பெட்டி, அதன்மேல் பலகை, பலகைமேல் நாற்காலி.

வியாழக்கிழமை ஒத்திகையில் தோம் அத்தை கீழே குனிந்து பார்த்து முனகினாள். "என்னடா குவோய், என் காலுக்குக் கிட்ட வந்துட்ட? நேத்து இவ்வளவு ஒசரமில்லியே."

குவோய் மாமா நாடா போட்டு அளந்தார். அரை விரற்கடை கூடுதல். "என் தப்பில்ல அக்கா, பெட்டி கம்பெனி மாறிப்போச்சு."

அத்தைக்கு இரண்டு பெட்டி ஏற்றினால் பெரியப்பாவுக்கும் இரண்டு ஏற்ற வேண்டும். மாலைக்குள் மின்விசிறியைக் கழற்ற வேண்டியதாயிற்று. லுக் பெரியப்பா உட்கார்ந்த இடத்தில் கூரைச் சந்து வழியே ஆறு தெரிந்தது. அதன்பிறகு அவர் குதிகாலைத் தூக்கவேயில்லை. "டேய், இடப்பக்கம் மணல்திட்டு இருக்கு, ஒடிச்சுத் திருப்புடா" என்று போகிற படகுகளுக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருந்தார். அன்று அந்தத் துறையில் ஒரு படகும் தரை தட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு அதிகாரி கியெம் வந்தார். நாற்பத்தொரு வயது, இஸ்திரி போட்ட சட்டை, கையில் கோப்பு. அண்ணாந்து பார்த்தார். பார்த்தது எந்தப் படிவத்திலும் அடங்காது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"மூணு நிமிஷம் போதும் சார். ஆரம்பிக்கலாமா?" என்றாள் திரின்.

கியெம் தலையசைத்துவிட்டு, எழுதுவதற்கு வசதியாகச் சாணளவு முக்காலியில் உட்கார்ந்தார். மூச்சை இழுக்கச் சொல்லித் திரின் வாயெடுத்தாள். மேலேயிருந்து லுக் பெரியப்பா கேட்டார்:

"தம்பி யாரு வீட்டுப் புள்ள?"

"பெரியப்பா, இப்ப வேணாம்" என்றாள் திரின்.

"கேட்டா என்னம்மா? முகத்துல எங்க தாத்தாவோட மூக்கு இருக்கு."

கியெம் எழுந்து நின்று பணிவாகச் சொன்னார். "செங்கல் சூளை நீயெம் வீடுங்க. அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயசுல பொறந்தவன்."

லுக் பெரியப்பா மேலே விரல்விட்டு முறையை எண்ணினார். எண்ணி முடித்ததும் பலகையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "நீயெம் எங்க தாத்தாவோட தம்பியாச்சே. மூணாந்தாரத்துக் கடைசிப் புள்ள. அப்படின்னா நீங்க எனக்குச் சித்தப்பா."

சித்தப்பா ஒரு கிழங்கு அளவே இருந்தாலும் முறை முறைதான் என்பது அந்த ஊர் வழக்கு. சித்தப்பா சாணளவு முக்காலியிலும், மகன் கூரையிலும் உட்கார்ந்திருக்கும் அநியாயத்தை லுக் பெரியப்பா ஒரு கணமும் பொறுக்கவில்லை. பெட்டி பெட்டியாக இறங்கி வந்தார். அவர் இறங்கியதும் தோம் அத்தை இறங்கினாள். குவோய் மாமா இறங்கினார். மியென் எல்லாருக்கும் முன்னாலேயே தரையில் இருந்தாள். ஐந்து நாள் உழைப்பு அரை நிமிடத்தில் காலியாயிற்று.

"ஏறுங்க பெரியப்பா. சார், நீங்க சொல்லுங்க சார்" என்று திரின் கெஞ்சினாள்.

"எழுபத்தொம்பது வயசு மனுஷர் தரையில உக்காந்திருக்க, நான் முக்காலியிலயா?" என்று கியெம் முக்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் அமர்ந்தார்.

"சித்தப்பாவுக்குச் சரியாசனமா நான் உக்காரவா?" லுக் பெரியப்பா சாய்ந்து முழங்கையில் ஊன்றினார்.

"ஐயா, வயசுக்கு மரியாதன்னு ஒண்ணு இருக்கு." கியெமும் சாய்ந்தார்.

லுக் பெரியப்பா மல்லாந்து படுத்தார். கியெம், கோப்பை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, அவர் பக்கத்திலேயே மல்லாந்து படுத்தார். பெரியவர்கள் இருவரும் படுத்திருக்க மற்றவர்கள் உட்கார்ந்திருப்பது எந்த வீட்டு நடைமுறை? தோம் அத்தை தைலப் புட்டியோடு படுத்தாள். குவோய் மாமா முதுகை ஒவ்வொரு எலும்பாக இறக்கினார். மியென் காலை நீட்டிப் படுத்தாள், நாய்கள் குரைக்கவில்லை.

நடுவில் திரின் ஒருத்தி மட்டும் நின்றாள்.

"டீச்சர், எல்லாரையும்விட ஒசரமா நிக்கிறீங்க" என்றார் லுக் பெரியப்பா, கூரையைப் பார்த்தபடி. "சொல்லக்கூடாது, ஆனா சொல்றேன்."

திரின் கடைவாயைக் கடிக்கப் போனாள். அங்கே பல் இல்லை. சரி என்று அவளும் படுத்தாள். படுத்தபிறகுதான் கவனித்தாள், ஆறு பேரும் ஒரே மாதிரி, கை ஒதுங்கி, கால் விரிந்து, ஒரே சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். யார் தலையும் கீழே இல்லை, யார் கையும் மேலே இல்லை, யார் முட்டியும் மடங்கவில்லை. நேரம் சொல்ல ஆளில்லாததால் எல்லாரும் தூங்கிப்போனார்கள். நடனக் கழகத்தின் எழுபத்தாறு பேர் இடம் பார்க்க வந்து, அதிகாரியோடு சேர்த்து ஆறு உடல்கள் வரிசையாகக் கிடப்பதைக் கண்டு, செருப்பைக் கழற்றி மூன்று முறை வணங்கிவிட்டு, பிணம் கிடந்த தரையில் ஆடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தார்கள்.

கியெம் எழுதிய சான்று இது: 'குழுவினர் அனைவரும், ஆசிரியை உட்பட, கீழே கையொப்பமிட்டவர் உட்பட, ஒரே ஆசனத்தை ஒரே நேரத்தில் எழுபது நிமிடம் அசையாமல் செய்தனர். காலை நேரம் இவர்களுக்கே.'

திங்கட்கிழமை திரின் மறுபடியும் நாற்காலியை எடுத்துப் போட்டாள். மியென் அதைப் பார்த்தாள், லுக் பெரியப்பாவைப் பார்த்தாள், பிறகு நாற்காலியைத் துடைத்து அவரிடம் நகர்த்தினாள்.

"உங்களுக்குத்தான்க்கா" என்றாள் திரின்.

"அதுக்கென்ன டீச்சர், அவரு எழுந்ததும் உக்காந்துக்கிறேன்."

"நான் எழுந்திருக்கிற மாதிரி இல்ல" என்றார் லுக் பெரியப்பா.

ஒன்று மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று: ஆறு பெருகி மன்றத்துக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றதால், அந்த இரண்டு வாரமும் அது பூட்டிக் கிடந்தது. என் மருமகன்களிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள்.