குரோக்கர் கட்டடம் இறங்கிய கதை

சிகாகோவில் கட்டடம் கட்டுகிறவர்களுக்கு முதலில் தெரிய வேண்டிய விஷயம் ஒன்றுதான்: கட்டியது இறங்கும். எங்கள் ஊரைத் தோண்டினால் பாறை கைக்கு எட்டாது, வெந்த களி மாதிரி ஈரமண்தான் வரும். அதன் தலையில் பத்து மாடியை ஏற்றினால் அது அமுங்காமல் என்ன செய்யும், பாவம்! அதனால் எவ்வளவு அமுங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, வாசற்படியை அந்த அளவுக்கு உயர்த்தி வைத்துக் கட்டுவோம். சுவர் எழும்ப எழும்பப் பாதி இறங்கிவிடும். மிச்சமும் மெல்ல இறங்கி, ஒருநாள் படி தானாக வந்து நடைபாதையோடு ஒட்டிக்கொள்ளும். நியூயார்க்காரர்கள் இதைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்களுக்குப் பாறை வாய்த்திருக்கிறது.

வாபாஷ் தெருவில் எழுந்த குரோக்கர் கட்டடத்தின் அஸ்திவாரக் கணக்கு நான் போட்டது. ஆனால் வரைபடங்களில் ஓலினா ஹால்வர்சன் என்ற என் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது. எல்லாத் தாளிலும் என் முதலாளி ஃபென்விக்கின் பெயர்தான். பொம்பளை போட்ட கணக்கு என்று தெரிந்தால் வாடகைக்கு வருகிறவர்கள் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடிவிடுவார்களாம். இதை அவர் என்னிடமே சொல்வார், அதுவும் ஏதோ ஆறுதல் சொல்கிற குரலில்.

திறப்பு விழா மே மாதத்தில் நடந்தது. கட்டடத்தின் சொந்தக்காரர் அம்புரோஸ் குரோக்கர் பெரிய வெண்ணெய் வியாபாரி, ஆளும் பெரிய ஆள். பேண்டு வாத்தியம் முழங்க, ஊர்ப் பெரிய மனிதர்களெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, கம்பீரமாக நடந்து வந்தவர் தன் வாசற்படியிலேயே தடுக்கிக் குப்புற விழுந்தார். பேண்டு நின்றது. அவர் எழுந்து, தொப்பியைக்கூடத் தேடாமல் கர்ஜித்தார்.

"யாருய்யா இந்தப் படியை வெச்சது?"

ஃபென்விக்கின் விரல் நேராக என் பக்கம் நீண்டது. அடடா, அன்றைக்குத்தான் என் பெயர் முதல்முதலாக வெளியே வந்தது! நல்லதெல்லாம் அவர் கணக்கில், முழங்கால் சிராய்ப்பு மட்டும் என் கணக்கில்.

"நீயாம்மா வெச்சே?"

"நான்தான் சார். இப்ப மூணு அங்குலம் மேல நிக்குது. அடுத்த வருஷம் இதே நாள்ல நடைபாதையோட சமமா வந்துரும்."

"வரலேன்னா?"

ஏற்கெனவே மூக்கின் நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டு திரிகிறவள் நான். அத்தனை பேர் முன்னால் கேட்டால் வாய் சும்மா இருக்குமா?

"வரலேன்னா பென்சிலைத் தூக்கிப் போட்டுட்டு மினசோட்டாவுக்கே போயிடறேன். எங்கப்பா பண்ணையில மாடு கறந்து உங்களுக்கு வெண்ணெய் அனுப்பறேன், போதுமா? ஆனா சமமா வந்துட்டா உங்க அடுத்த கட்டடத்தை நான்தான் வரைவேன். என் பேர்லயே!"

கூட்டத்தில் யாரோ சீட்டி அடித்தார்கள். குரோக்கர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாய் நீளமாத்தான் இருக்கு. சரி, கையைக் கொடு" என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் படி ஊருக்கே சொத்தாகிவிட்டது. தெருவில் போனால் பால்காரன் முதல் போலீஸ்காரன் வரை, "இன்னிக்கு எவ்ளோ இறங்குச்சு மிஸ்?" என்று விசாரிப்பார்கள். வாசலுக்கு அடுத்து சுருட்டுக்கடை வைத்திருந்த வொசாட்கா மட்டும் ஒவ்வொரு தடவையும் என்னைக் கெஞ்சுவான்.

"மெதுவாவே இறங்கச் சொல்லும்மா. தடுக்கி விழறவன் எழுந்ததும் மனசு ஆற ஒரு சுருட்டு கேக்கறான். உன் புண்ணியத்துல என் பொண்ணு கல்யாணமே முடிஞ்சிரும் போல!"

குரோக்கர் தினமும் காலையில் படிக்கு முன்னால் நின்று, கால்சட்டையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்து, ஏதோ வாய்க்காலைத் தாண்டுகிறவர் போலக் காலை வீசி வைப்பார். "இன்னும் மலையேறிட்டுத்தாம்மா இருக்கேன்!" என்று அவர் போடுகிற சத்தம் நாலு கடைக்குக் கேட்கும். ஆனால் நாள் ஆக ஆக எங்கள் அலுவலகத்துக்கும் வர ஆரம்பித்தார். என் மேசை ஓரத்தில் உட்கார்ந்து, இந்தக் கோடு என்ன, அந்தப் புள்ளி எதற்கு என்று நச்சரிப்பார். கிறிஸ்துமஸுக்கு ஒரு கட்டி வெண்ணெயைக் கொண்டுவந்து, "பழகிக்கோ, நாளைக்கு நீ எடுக்கப் போறது" என்று வைத்துவிட்டுப் போனார். மனிதரை எனக்குப் பிடித்துப் போயிற்று. அதை அவரிடம் சொல்வேனா என்ன!

மார்ச் மாதம் வந்தபோது படி இன்னும் ஒன்றரை அங்குலம் மேலே நின்றது. அந்தச் சமயம் பார்த்து, காஸ் குழாய் போடுகிறோம் என்று வாசலில் இருந்த நடைபாதைக் கல்லையெல்லாம் பெயர்த்துப் போட்டு, மேலே பலகை பரப்பிவிட்டார்கள். குழாய் போட்டு முடிந்ததும் கல்லைத் திரும்பப் பதித்தவன் டெலஹன்டி. அந்தத் தெருவில் பாதி நடைபாதை அவன் கை வைத்ததுதான். தெரு வேலை முழுக்க முடிகிறவரை பலகையை எடுக்கக் கூடாது என்று உத்தரவு. ஆக, படி எங்கே நிற்கிறது, கல் எங்கே நிற்கிறது என்று ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

எனக்கு மட்டும் தெரியும். வாரம் தவறாமல் மட்டம் பார்க்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு போய், உயரம் அளக்க நகராட்சி நட்ட, அசையாத மட்டக்கல்லோடு கட்டடத் தூணில் நான் அடித்த செப்பு ஆணியை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். குளிர்காலம் முடிந்த பிறகுதான் மேல்மாடிகளில் ஆளும் சரக்கும் நிறைந்தன. அந்தப் பாரத்தில் கட்டடம் நான் சொன்ன பேச்சைக் கேட்டு, முன்னைவிட வேகமாகவே இறங்கிக்கொண்டிருந்தது. இருந்தாலும் என்ன, கண்ணால் பார்க்கிற வரை ஒவ்வொரு அளவையும் இரண்டு மூன்று தடவை சரிபார்த்தேன். ஃபென்விக் வேறு போகும்போதும் வரும்போதும், "மினசோட்டாவுல குளிர் ஜாஸ்தியோ?" என்று கேட்டு வைப்பார்.

மே மாதம் அந்த நாளும் வந்தது. காலையிலேயே வாசலில் திருவிழாக் கூட்டம். டெலஹன்டி தன் ஆட்களோடு பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்தான். கடைசிப் பலகை போனதும் எல்லோரும் குனிந்து பார்த்தோம்.

படி நடைபாதைக்குக் கீழே இருந்தது. ஒன்றரை அங்குலம் கீழே.

"அட தேவுடா, கிணத்துல இறங்கறாப்புல இருக்கே!" என்றான் வொசாட்கா.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இறங்காத கட்டடம் என்று ஒரு வருஷம் கேலி செய்தவர்கள், இப்போது அதிகமாக இறங்கிய கட்டடம் என்று ஆரம்பித்தார்கள். இன்னும் எவ்வளவு இறங்குமோ, முதல் மாடி நிலவறை ஆகிவிடுமோ என்று ஆளுக்கு ஒன்று. எனக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. என் கணக்கு தப்பா? நாளைக்குக் கட்டடம் கட்டப்போகிற பன்றி வியாபாரியும் துணி வியாபாரியும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றார்கள், இனி அவர்களில் எவன் என் கையில் ஒரு கோழிக்கூடாவது கட்டக் கொடுப்பான்?

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஜெயித்துவிட்ட குரோக்கர் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய் டெலஹன்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெலஹன்டியோ தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போன வாரம் பார்த்த செப்பு ஆணி என் கண் முன்னால் வந்து நின்றது. அது பொய் சொல்லாது.

"கட்டடம் இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு," என்றேன் சத்தமாக. "தெருதான் மேல வந்திருக்கு!"

முன்பு சிரித்தது ஒரு சிரிப்பா? இப்போது சிரித்தார்களே, அதுதான் சிரிப்பு. "மழைக்கு முளைச்சிருக்கும் மிஸ்!" என்று ஒருவன் கத்தினான்.

அந்த நேரம் பார்த்து, தாமதமாகத் தலைதெறிக்க ஓடிவந்த ஃபென்விக், தொபீரென்று விழுந்தார். அவர் விழுந்தது வாசலில் இல்லை. அதற்குப் பத்தடி முன்னால், பக்கத்துக் கடைக்காரரின் நடைபாதை முடிந்து எங்கள் நடைபாதை தொடங்குகிற இடத்தில். மார்ச்சுக்கு முன்னால் அங்கே எந்த மேடும் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம்.

நான் ஓடினேன். முதலாளியைத் தூக்கத்தான் ஓடினேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் அவரைத் தாண்டிப் போய், இரண்டு கல்லும் சேருகிற விளிம்பில் என் அடிக்கோலை நிறுத்தினேன். சுத்தமாக ஒன்றரை அங்குலம்.

"டெலஹன்டி! இங்க வாய்யா!"

"என்னைத் திட்டாதீங்க அம்மணி," என்றான் அவன், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு. "சொன்னதைச் செஞ்சேன். சொன்னவரு அதோ நிக்கறாரு."

கூட்டம் மொத்தமும் குரோக்கரைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெரிய உடம்பு ஒரு சுற்றுச் சிறுத்துப்போன மாதிரி இருந்தது.

"நான்தாம்மா," என்றார். "மார்ச்சுலயும் ஒன்றரை அங்குலம் நின்னுதா, இனி இது எங்க இறங்கப் போவுதுன்னு நெனச்சேன். நான் வாலிபமா இருந்தப்ப இந்த ஊரையே சேத்துலேருந்து தூக்கினாங்க, தெரியுமில்ல? ஜாக்கி வெச்சு ஓட்டலைத் தூக்கினாங்க, நான் உள்ள உக்காந்து முட்டை தின்னுட்டிருந்தேன். இறங்காத எதையும் இறக்க முடியாது, ஆனா எதையும் தூக்கலாம். இந்த ஊர்ல நான் கத்துக்கிட்டது அவ்ளோதான். அதான் கல்லைப் பதிக்கறப்ப அந்த ஒன்றரை அங்குலத்தை ஏத்திப் பதிடான்னுட்டேன்."

"ஏன் சார்? நான் தோத்திருந்தா உங்களுக்கென்ன?"

"நீ மாடு கறக்கப் போயிடுவேன்னு நெனச்சா ராத்திரி தூக்கமே வரலம்மா."

எனக்கு வந்த கோபத்தில் அந்த மனிதரின் கழுத்தைப் பிடித்து நெரிக்கவேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாமல் நடைபாதையில் காலை உதைத்தேன்.

"நல்லா இருக்கு சார் உங்க நியாயம்! என் மேல அவ்ளோ பிரியம், என் கணக்கு மேல அரை அங்குலம்கூட நம்பிக்கை இல்ல. பிரியத்தை வீட்டுல வெச்சுட்டு நம்பிக்கையைக் கொண்டு வந்திருக்கக் கூடாதா?"

அவர் தலையை ஆட்டினார். பிறகு கோட்டைக் கழற்றி வொசாட்காவிடம் கொடுத்துவிட்டு, "டெலஹன்டி, கல்லைப் பேத்தெடு. பழைய மட்டத்துலயே பதி. செலவு என்னுது" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை, தானே ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டார். அவர் குனிந்து கல் பெயர்த்த அழகைப் பார்க்க வேலைக்குப் போகிறவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் கல்லெல்லாம் பழைய இடத்துக்குப் போயின. குரோக்கர் தன் கிடங்கிலிருந்து ஒரு வெண்ணெய்ப் பீப்பாயை வரவழைத்தார். அதை நடைபாதையில் படுக்கப் போட்டு, வாசலைப் பார்த்து ஒரு தள்ளுத் தள்ளினார். பீப்பாய் உருண்டு போய், படியில் ஒரு குலுக்கல் இல்லாமல், ஒரு தட்டுத் தட்டாமல், நேராக உள்ளே போய்ச் சேர்ந்தது. ஊரே கைதட்டியது. "போச்சு, என் வியாபாரமே போச்சு!" என்று வொசாட்கா தலையில் அடித்துக்கொண்டே எல்லோருக்கும் ஆளுக்கொரு சுருட்டு கொடுத்தான். எனக்கும் ஒன்று. நான் வாங்கிக்கொண்டேன்.

டியர்போர்ன் தெருவில் வரப்போகிற அடுத்த கட்டடத்தின் முதல் தாளை, மறு வாரம் குரோக்கர் முன்னால் விரித்தேன். மூலையில் ஓலினா ஹால்வர்சன், கட்டடக் கலைஞர். ஃபென்விக் அதைப் பார்த்துவிட்டு, எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கிறதோ என்றார். அடுத்த தாளில் இன்னும் பெரிதாக எழுதுகிறேன் என்றேன்.

குரோக்கர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசற்படியைத்தான் முதலில் தேடினார்.

"இது எவ்ளோ இறங்கும்?"

"மொத்தம் அஞ்சு அங்குலம் சார்."

ஏன், எப்படி என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். கீழே டெலஹன்டி எதையோ பதித்துக்கொண்டிருந்தான்.

"டேய் டெலஹன்டி! கட்டடம் அஞ்சு அங்குலம் இறங்கி முடியற வரைக்கும் டியர்போர்ன் பக்கம் தலையைக் காட்டினே, காலை ஒடிச்சிருவேன்!"